இரண்டாவது கம்பி

‘அரைமணிக் கூத்து’ என்று நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் சொன்னாலும் முகம் மலர்ந்துவிடும். வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சி. துண்டு துண்டாக ஏழெட்டு நகைச்சுவைக் காட்சிகள். நோயாளியின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டபடியே தூங்கிப்போகும் டாக்டர். கண்ணாடியில் தெரியும் தன்னிடமே டிக்கெட் கேட்டுச் சண்டை போடும் கண்டக்டர். எல்லாவற்றுக்கும் ராஜா, கடைசியில் வரும் மூட்டைத்தூக்கி. முதுகில் மூட்டையோடு கோணலாக நடந்து வருவான். மேலே ஏதாவது சரியும். “போகுதேஏஏய்!” என்று கத்துவான். முடிவில் குரல் உடைந்து, கழுத்தைத் திருகிய சேவல் போலக் கீச்சிடும். பக்கத்தில் இருக்கும் குட்டையன் தலையைக்கூடத் தூக்காமல், “போகட்டும் விடு, நாளைக்கு வரும்” என்பான். அவ்வளவும் அவன் தலையிலேயே விழும். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கத்தல் என் அப்பாவுடையது.

அப்பா சுமைக் கிடங்கில் அடுக்கு மேஸ்திரி. மூட்டைகளைக் கூரை தொட அடுக்கச் சொல்லி, உச்சியில் நிற்பவர். அடுக்கு அசைந்தால் முதலில் அவர் பாதத்துக்குத்தான் தெரியும். உடனே அந்தச் சத்தம் போடுவார். காதில் விழுந்த மறுநொடி, கீழே இருப்பவன் பெற்ற பிள்ளையைத் தவிர கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனாலேயே கிடங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்தச் சத்தத்தை யாரும் சும்மா போடக் கூடாது. புதிதாக வந்தவன் விளையாட்டுக்குப் போட்டால் கன்னம் வீங்கும். மேஸ்திரி மகனாக இருந்தாலும் வீங்கும். எனக்கு வீங்கியிருக்கிறது.

நிகழ்ச்சி தொடங்கும் முன்பு, பின்னால் மூட்டைத்தூக்கியாக நடித்த அந்தச் சிரிப்பு நடிகர் கிடங்குக்கு வந்தார். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. ஒல்லியாக, பசித்த முகத்தோடு மூட்டை மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் அடுக்கு நிஜமாகவே அசைந்து, அப்பா கத்தி, ஆட்கள் சிதறி ஓடியதைப் பார்த்தவர், வேலை முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, அந்தச் சத்தம் ஒரு தடவை போடுங்களேன்.”

“சும்மா போடக் கூடாது தம்பி.”

“எனக்காக அண்ணே. உங்க தம்பி கேட்டா மாட்டேன்னுவீங்களா?”

வீடு தேடி வந்தவன் தண்ணீர் கேட்பது போல அவர் கேட்டார். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டுப் போட்டார். எதுவும் விழாமல் அப்பா கத்தியது அதுதான் முதல் முறை. “இன்னொரு தடவை அண்ணே,” என்றார் சிரிப்பு நடிகர். பிறகு இன்னொரு தடவை. குரல் உடையும் இடத்தை மட்டும் தனியாகக் கேட்டார்.

தொலைக்காட்சியில் அது வந்தபோது முதலில் நெஞ்சை நிமிர்த்தியவர் அப்பாதான். “நம்ம சத்தம்டா!” என்றார். என் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவின் அடுக்குக்குக் கீழே நின்று மூட்டையை வாங்கி மேலே ஏற்றிக் கொடுப்பவர், அந்த நிகழ்ச்சிக்குப் பைத்தியம். வாரம் முழுவதும் குட்டையன் மாதிரியே பேசித் திரிவார். அம்மா வைத்த குழம்பில் உப்பு இல்லை என்றாலும் “போகட்டும் விடு, நாளைக்கு வரும்”தான். தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். டீக்கடையில் கத்தினார்கள். ஆபீஸ் பையன்கள் கிடங்கு வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார்கள். கன்னத்தில் அறைவது என்றால் ஊரையே அறைய வேண்டும். கட்டுப்பாடு செத்தது. எங்கள் ஆட்களே டீ டம்ளர் நழுவினால் அந்தச் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு காலையில் அடிவரிசையில் ஒரு மூட்டை பிரிந்தது. உச்சியில் அப்பாவின் பாதத்துக்கு அது தெரிந்தது. அப்பா கத்தினார். நான் எடைமேடை அருகே நின்றிருந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்தது. கீழே மூன்று பேர் சிரித்தார்கள். மாமா தலையைத் தூக்காமல், இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, “போகட்டும் விடு மச்சான், நாளைக்கு வரும்!” என்றார்.

அது அன்றைக்கே வந்தது. மாமாவின் இடது கால் முழங்காலுக்கு மேலோடு போயிற்று.

அப்பா அதன் பிறகு அடுக்கில் ஏறவில்லை. தொண்டைக்குள் துணியைத் திணித்தது போல வாழ்ந்து, போய்ச் சேர்ந்தார். சிரிப்பு நடிகர் வீட்டின் மேல் வீடு கட்டினார்.

நான் பழி வாங்கக் கிளம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோற்றுக்குத்தான் கிளம்பினேன். கட்டடங்களில் சாரம் கட்டினேன், பிறகு படப்பிடிப்புத் தளத்தில் கயிறு வேலைக்குச் சேர்ந்தேன். ஆளைத் தொங்கவிடுவது, பறக்கவிடுவது எல்லாம் என் கைதான். இருபது வருஷமாகப் பழி என்னைத் தேடி நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறது. வந்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

‘அரைமணிக் கூத்து: மறக்க முடியுமா?’ என்று சிறப்பு நிகழ்ச்சி. பழைய நடிகர்கள் கூடி, பழைய நினைவுகளைப் பேசி, பழைய காட்சிகளை மறுபடி நடிப்பார்கள். முத்தாய்ப்பாக மூட்டைத்தூக்கி. கிரேன் கொக்கி அவன் இடுப்பு பெல்ட்டில் மாட்டி, அவனையே மூட்டை போலத் தூக்கிவிடும் காட்சி.

“டூப் வேணாம். நானே தொங்குறேன்,” என்றார் சிரிப்பு நடிகர். தொப்பை விழுந்திருந்தது. தலைக்குச் சாயம். “என்னய்யா மேஸ்திரி, தாங்குமா?”

“யானையே தாங்கும் சார்.”

“அப்ப எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எங்கள் வேலையில் ஆளைத் தொங்கவிட்டால் இரண்டு கம்பி. ஒன்று கைவின்ச் உருளையில் சுற்றியிருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் ஆளைத் தூக்குவது அது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி, உத்திரத்தில் தனியாகக் கட்டியிருக்கும். முதல் கம்பி போனாலும் அது பிடித்துக்கொள்ளும். தொங்குகிறவரிடம் அதைத் தொட்டுக் காட்டி, “இது இருக்கு, பயப்படாதீங்க” என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. இரண்டாவது கம்பியை மூன்று முறை இழுத்துப் பார்த்துக் கட்டினேன். அதை அவருக்குக் காட்டவில்லை.

அரங்கம் நிறையக் கூட்டம். இசை. கொக்கி மாட்டியது. சுற்றினேன். அவர் காலை உதைத்துக்கொண்டு மேலே போனார். ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டு ஆள் உயரத்தில் நிறுத்தி, பிரேக்கை ஒரு மயிரிழை தளர்த்தினேன். ஒரு சாண் இறங்கினார். பிடித்தேன்.

“போகுதேஏஏய்!” என்றார். வசனம்தான். அரங்கம் அதிர்ந்தது.

இன்னொரு சாண் விட்டேன். வசனத்தில் இது இல்லை. அவர் முகம் என் பக்கம் திரும்பியது. மூன்றாவது சாண். வின்ச் பல் கடித்தது போல ஒரு சத்தம் போட்டது.

“போகுது! ஏய், போகுதுய்யா!”

சிரிப்பு.

“நிஜமா! நிஜமாவே போகுதுடா! யாராவது பிடிங்கடா!”

முன்வரிசையில் ஒரு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். குட்டையனுக்கும் வயசாகியிருந்தது. ஆனாலும் நேரம் தப்பாமல், தலையைத் தூக்காமல், “போகட்டும் விடு, நாளைக்கு வரும்” என்றான். அரங்கமே எழுந்து நின்றது. சிரிப்பு நடிகர் கடைசியாக ஒருமுறை கத்தினார். குரல் உடைந்தது. அவர் உடைக்கவில்லை, தானாக உடைந்தது. அப்பாவுக்கு உடையும் அதே இடத்தில். போதுமா என்று என்னையே கேட்டேன். போதாது என்று தோன்றியது. இன்னும் ஒரு சாண் விட்டுவிட்டுத்தான் பூப்போல இறக்கினேன்.

கொக்கியைக் கழற்றும்போது அவர் உடம்பு உதறியது. பேண்ட் ஈரம். குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

“மூட்டைக் கிடங்குல டீ வாங்கிக் குடுத்தீங்களே சார். நான் அந்த மேஸ்திரி மகன்.”

கண் விரிந்தது. அதில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். “அண்ணன் மகனா?” என்றார். “அண்ணன் எப்படியிருக்காரு? நான் சாப்பிடுற சோறே அவரு போட்ட சத்தம்தாம்ப்பா.”

“செத்துட்டாரு. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சு நின்னதுல எங்க மாமாவுக்கு ஒரு கால் போச்சு. நீங்க இப்பப் போட்டீங்களே, அதே மாதிரிதான் எங்கப்பாவும் போட்டாரு. அங்கயும் இப்படித்தான் சிரிச்சாங்க.”

அவர் வாய் திறந்தது. என் வேலை, என் சோறு எல்லாம் அந்த வாயில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அதற்குள் இயக்குநர் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“சார்! உங்க வாழ்க்கையிலயே இப்படி நடிச்சதில்ல சார்! அந்தப் பயம்! எப்படி சார் கொண்டு வந்தீங்க?”

சிரிப்பு நடிகர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்று இன்னும் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

“அனுபவம்,” என்றார். போர்த்த வந்த சால்வையை வாங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டு கும்பிட்டார்.

ஞாயிறு மாலை அது ஒளிபரப்பானது. மாமா வீட்டில் பார்த்தேன். மாமா கட்டிலில், தலையணையில் சாய்ந்திருந்தார். கால் போன பிறகு அவர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. நான்தான் பார்க்கலாம் என்றேன். டாக்டருக்கும் கண்டக்டருக்கும் தன்னை மறந்து சிரித்தார். மூட்டைத்தூக்கி வந்ததும் வாயை மூடிக்கொண்டார். முதல் “போகுதேய்”க்கு உதட்டைச் சுழித்தார்.

கடைசிச் சத்தம் வந்தபோது மாமாவின் வலது கால் கட்டிலை விட்டு எகிறித் தரையில் ஊன்றியது. இல்லாத காலும் ஓட எழும்பி, ஆள் சுவரில் மோதினார். தாங்கிப் பிடித்தேன்.

“மாப்ள, இவன் நடிக்கலடா.”

“இல்ல மாமா.”

“நிஜமாக் கத்துறான்.”

“ஆமா.”

தொலைக்காட்சியில் கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. மாமா மூச்சு வாங்கியபடி அதைப் பார்த்தார்.

“கம்பி யாரு கையில இருந்துச்சு?”

“என் கையில.”

மாமா மொட்டைக் காலைத் தடவிக்கொண்டார். தலையணையைச் சரிசெய்து, வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“போன்ல எடுத்து வச்சிருப்பியே.”

“இருக்கு மாமா.”

“இன்னொரு தடவை போடு. அந்தக் கடைசிச் சத்தம் மட்டும்.”

போட்டேன். மாமா சிரிக்க ஆரம்பித்தார்.