ஆட்டுக்கு ஊதிய மூச்சு

கல்மண்டபம் கறிக்கடையில் அன்று ஹுமாயூன் முகத்தில் முதலில் வந்து விழுந்தது அரை வீசை தொடைக்கறி. எறிந்தவன் உசேன், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன், வாரம் தவறாமல் கறி வாங்குகிற ஆள். கறி கன்னத்தில் அறைந்து கீழே விழுவதற்குள் அவன் கை ஹுமாயூனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டது.

"டி.பி. வாயால ஊதின கறிய எம்புள்ளைங்களுக்குக் குடுத்துக்கினு கீறியா? ஒன் எச்சியத் துன்ன வெச்சியேடா, பேமானி!"

பிறகு யார் அடித்தது, யார் மிதித்தது என்று கணக்கே இல்லை. தராசு தெருவில் போய் விழுந்தது. "டி.பி. இல்லபா" என்று சொல்ல ஹுமாயூன் வாயைத் திறந்தான். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமலைக் கேட்டதும் அடித்தவர்கள் பயந்து விலகினார்கள். விலகி நின்று கல்லால் அடித்தார்கள்.

கறிக்கடைக்காரனுக்கு மூச்சு எதற்கு என்று கேட்கிறவர்கள் ஆடு அறுக்கிற புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியை எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஆட்டை அறுத்து ரத்தம் வடிந்ததும், பின்னங்காலில் குளம்புக்கு மேலே சின்னதாக ஓட்டை போட்டு, அதில் வாய் வைத்து ஊதுவார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்று ஏறி ஆடு உப்பும். அப்புறம் தோல் கிழியாமல் சட்டை மாதிரி கழன்று வரும். ஹுமாயூன் மூன்றே மூச்சில் ஒரு கிடாவை உப்ப வைப்பான். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் அவனுடைய மாமனார், பெற்ற மகன் மஜீதை ஒதுக்கிவிட்டு, கடையை மருமகன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். மஜீதுக்கு அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை.

போன வருஷம் ஹுமாயூனுக்குக் கண் சிவந்தது. முழங்காலுக்குக் கீழே செக்கச்செவேலென்று கட்டிகள் வந்தன. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. நாலு படி ஏறினால் இரைத்தது. மூன்று மூச்சு ஆறாகி, ஆறு பத்தானது. யார் கேட்டாலும் "மூச்சு நல்லாதான் கீது" என்று புளுகினான். கடைசியில் அவன் மனைவி தாஹிரா அழுது அடம்பிடித்து, தன் அண்ணன் மஜீதையே துணைக்குச் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

கோழையில் டி.பி. கிருமி இல்லை. டி.பி. இருந்தால் தடிக்கும் என்று கையில் போட்ட ஊசியும் தடிக்கவில்லை. கழுத்து முடிச்சை அறுத்துப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. மூச்சை அளக்க, தண்ணீரில் கவிழ்த்திருந்த ஒரு டப்பாவின் குழாயில் டாக்டர் ஊதச் சொன்னார். டப்பா பாதிகூட எழும்பவில்லை.

"இது டி.பி. இல்லை. சார்காய்டோசிஸ்னு பேரு. யாருக்கும் ஒட்டாது. ஆனா நுரையீரல் இறுகிப்போயிருக்கு. பழைய மூச்சு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மஜீது பக்கத்தில் நின்று அத்தனைக்கும் தலையாட்டினான்.

தலையாட்டிவிட்டு வந்து கல்மண்டபம் முழுக்க டி.பி. என்று பரப்பினான். அதுவும் எப்படி? கண்ணைத் துடைத்துக்கொண்டு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

கல்லடி வாங்கிய மறுநாள் விடியற்காலை ஆட்டுத்தொட்டியில் பஞ்சாயத்து. பெரிய மேஸ்திரி லியாகத் அலி நடுவில் நின்றார். அடித்த உசேனும் முடிவைப் பார்க்க வந்திருந்தான்.

"டாக்டர் இன்னா சொன்னாருன்னு மச்சானையே கேளுங்க" என்றான் ஹுமாயூன்.

"டி.பி.ன்னுதான் சொன்னாரு. நான் இன்னா மச்சான் பண்றது?" என்று மஜீது மூக்கை உறிஞ்சினான்.

லியாகத் அலி யோசித்தார். "டி.பி. நெஞ்சு ஆடு ஊதாது. ஒரு கிடாவ ஊதிக் காட்டு ஹுமாயூன். ஊதினா கத்தி ஒன்னிது, கட ஒன்னிது. இல்லன்னா கத்தியக் கீழ வெச்சிட்டு ஏரியாவ வுட்டே போய்டு."

தன்னால் முடியாது என்று ஹுமாயூனுக்குத் தெரியும். மாட்டேன் என்றாலும் கடை போய்விடும். அறுத்துக் கிடந்த கிடாவின் காலைத் தூக்கி ஓட்டையில் வாய் வைத்தான்.

முதல் மூச்சில் கணுக்கால் உப்பியது. இரண்டாவதில் தொடை. மூன்றாவதை இழுக்கப் பார்த்தான், காற்று உள்ளே போகவில்லை. விலா எலும்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. கண் இருட்டி, ரத்தம் தேங்கிய தரையில் குப்புற விழுந்தான்.

"பாத்தீங்களாடா!" என்று ஒரு குரல். முதல் உதை விலாவில் விழுந்தது. அடுத்தது வாயில். பல் ஒன்று நாக்கின் மேல் கழன்று கிடந்தது. தொட்டியே அவன் மேல் ஏறியது.

ஜெயித்த சந்தோஷம் மஜீதுக்குத் தலைக்கேறிவிட்டது. "தள்ளுங்கபா! ஊதறதுன்னா இன்னான்னு நான் காட்டறேன்!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கிடாவின் காலைப் பற்றி, அதே ஓட்டையில் வாய் வைத்து, கன்னம் புடைக்க ஊதினான். கிடா கும்மென்று உப்பியது. நிமிர்ந்து சிரித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. தோலுக்காகக் காத்திருந்த தோல் மண்டி மாரியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இன்னா மஜீது, தொடைக்கக்கூட இல்ல? அவன் எச்சி இன்னும் வழிஞ்சிக்கினு கீதே. அந்தாண்ட காலு சும்மாத்தான கீது, அதுல ஓட்ட போட்டு ஊதுறது? ஒட்டிக்கும்னு ஊருக்கே சொன்ன, ஒனக்கு மட்டும் பயம் இல்லியா?"

மஜீது அவசரமாகப் புறங்கையால் வாயைத் துடைத்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

லியாகத் அலி அவன் கழுத்தைப் பிடித்தார். "டாக்டர் நெஜமா இன்னாடா சொன்னாரு?"

"ஒட்டாதுன்னு... டி.பி. இல்லன்னு..."

அவ்வளவுதான். ஹுமாயூனை மிதித்த அதே கால்கள் மஜீதின் மேல் திரும்பின. ஒரு நிரபராதியை அடித்த வெட்கத்தையும் சேர்த்து அவன் மேலேயே இறக்கினார்கள். உசேன் கறி தொங்கவிடும் இரும்புக் கொக்கியைப் பிடுங்கினான். மஜீது ரத்தத்தில் தவழ்ந்து, எழுந்து உட்கார்ந்துவிட்ட ஹுமாயூனின் காலைக் கட்டிக்கொண்டான்.

"சொல்லு மச்சான்! வுடச் சொல்லு!"

உசேன் ஓங்கிய கையை நிறுத்தி ஹுமாயூனைப் பார்த்தான். அடி வாங்கியவன் சொன்னால் விட்டுவிடுவான். ஹுமாயூனுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "வுடுங்கபா" என்று ஒரு வார்த்தை சொல்லப் போதுமான மூச்சு நெஞ்சில் இருந்தது. அவன் அதைச் செலவழிக்கவில்லை. கொக்கி இறங்கி, மஜீதின் தாடை உடைந்த சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் தாஹிரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அண்ணன் இனிமேல் சரியாகப் பேசுவானா என்பதே சந்தேகமாம்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்களாமே. எதுக்குச் சொல்லல?"

ஹுமாயூன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூச்சு வரல தாஹிரா."

ஒரு வருஷமாக மூச்சு இருக்கிறது என்று அவன் சொன்ன பொய்யை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. இதை நம்பினாள். அழுதுகொண்டே உட்கார்ந்து, அவன் நெஞ்சுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.