டிமிக்கி ஏறிய வண்டி

வலைக்காரருக்கு ஊர் நாய்கள் எல்லாம் அத்துப்படி. தெருநாயைப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதும், காது நுனியில் அடையாள வெட்டோடு பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதும்தான் அவர் பிழைப்பு. அவர் வலையில் விழாத ஒரே பிறவி, மெக்கானிக் ஷெட் தெருவில் திரிந்த கறுப்புப் பெண் நாய். அவருக்குத் தண்ணி காட்டிக் காட்டியே டிமிக்கி என்று பெயர் வாங்கியது. வீட்டில் யாராவது அந்தப் பெயரை எடுத்தால் மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

அன்று காலை, ரிப்பேருக்குக் கிடந்த வேனை ஷெட்டிலிருந்து எடுத்துத் தெருமுனை திரும்பியதும், டிமிக்கி குரைத்தபடி பின்னால் ஓடிவந்தது. வண்டி ஓட்டிய மைத்துனன் பிரேக்கை மிதித்தான். வலைக்காரர் வலையோடு குதித்துப் பின்கதவைத் திறந்தார். வலைக்கு வேலையே வரவில்லை. டிமிக்கி அவர் தோளை இடித்துக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் பாய்ந்தது.

"பாத்தியாடா, சரணாகதி!" என்று கதவைச் சாத்தினார்.

"மாமா, வயித்தப் பாத்தீங்களா? குட்டி கிட்டி போட்டிருக்கப் போகுது."

"என் கண்ணப் பாத்து மிரண்டு ஏறியிருக்கு, இவன் வயித்தப் பாக்கச் சொல்றான். வண்டிய எடு."

பால் கொடுக்கும் நாயைப் பிடிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. புதிதாக வருகிறவர்களுக்கு அதைத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான். ஆனால் வெற்றி தலைக்கேறியவனுக்கு அரிச்சுவடி எங்கே ஞாபகம் இருக்கும்? வழியெல்லாம் மனைவிக்கும் மாமியாருக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். டிமிக்கி கூண்டின் முன்பக்கக் கம்பியைப் பிறாண்டிக்கொண்டே வந்தது. தோற்ற வயிற்றெரிச்சல் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டிமிக்கியைப் புரட்டிப் பார்த்தார். மடி முழுக்கப் பால்.

"குட்டிங்க எங்கய்யா?"

வலைக்காரர் அப்போதுதான் குனிந்து மடியைப் பார்த்தார்.

"கண்ணுகூடத் திறந்திருக்காது. பால் இல்லாம சாயங்காலம்வரை தாங்காது. புடிச்ச எடத்துல விட்டுட்டு, அது பின்னாடியே போய்ப் பாருங்க. குட்டிங்களப் பாக்காம என் முகத்துல முழிக்காதீங்க."

திரும்பும் வழியெல்லாம் வேகமாக ஓட்டச் சொல்லி மைத்துனனை விரட்டினார். தன் வாய்க்கொழுப்பால் கண் திறக்காத உயிர்கள் எங்கோ கிடந்து சாகின்றன என்று தன்னையே திட்டிக்கொண்டார். தெருமுனையில் பின்கதவைத் திறந்தார். டிமிக்கி கீழே குதித்தது, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடி கூண்டுக்குள்ளேயே ஏறியது.

"போ தாயி, பிள்ளைங்களப் பாரு." இழுத்து இறக்கினார். ஏறியது. கெஞ்சினார், திட்டினார், பிஸ்கட் காட்டினார். அது அவர் பேன்ட்டைக் கவ்விக் கிழித்துவிட்டு ஏறியது. சாக்கடை ஓரம், ஷெட், குப்பைத்தொட்டி என்று ஓடித் தேடியும் ஒன்றும் கிடைக்காமல், கிழிந்த பேன்ட்டோடு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

மைத்துனனுக்கே மனசு கேட்கவில்லை. ஷெட்காரர் ரிப்பேர் பார்த்த லட்சணத்துக்கு, நிறுத்தினால் கிளம்பாது என்று ஆஸ்பத்திரி வாசலில்கூட அவன் இன்ஜினை அணைக்கவில்லை. இப்போது அணைத்துவிட்டு, மாமாவைத் தூக்க இறங்கி வந்தான்.

அந்த அமைதியில் வேனுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

வலைக்காரர் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தார். ஷெட்டில் கிடந்த நாளெல்லாம் திறந்தே கிடந்த கதவு அது. கூண்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே, டிமிக்கியைத் துரத்தித் துரத்திக் கிழிந்த பழைய வலைக்குவியலின்மேல், கறுப்பாக நான்கு குட்டிகள் நெளிந்தன. அவர் விலகி நிற்பதற்குள் டிமிக்கி சுற்றி ஓடிவந்து ஏறிப் படுத்துப் பால் கொடுக்க ஆரம்பித்தது. அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"புடிச்ச எடத்துலயே விட்டாச்சு மாமா," என்றான் மைத்துனன். "இனி குட்டிங்க வளந்து இறங்குறவரைக்கும் நமக்கு நடைதான்."

அந்நேரம் பார்த்து மனைவியின் போன் வந்தது. "என்னங்க, டிமிக்கியப் புடிச்ச பெருமைய அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப எங்க இருக்கு அது?"

வலைக்காரர் கிழிந்த பேன்ட்டைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"நான் எங்கடி புடிச்சேன்? அதுதான் நம்ம வண்டியப் புடிச்சு வச்சிருக்கு. ஒரு பழைய போர்வை எடுத்து வை, வர்றேன்."