ரப்பர் சவ்வு

ஜப்பான்காரன் அழகேசனை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லாரியை ஆள் வைத்துத் தள்ளிவந்து, கூலிக்காரர்களின் லயத்தில் அழகேசன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். மத்தியானத்துக்குள் ஓட வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கத்தின் வாயால் சொல்லவைத்தான். ஒரு சிப்பாயைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டான். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று கிராணி கேட்கவில்லை. கேட்க அவருக்கென்ன பைத்தியமா?

மலாயாவில் லூனாஸ் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் எஞ்சினைத் தொடத் தெரிந்த கை அழகேசனுடையது ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரை காலத்தில் தகடு தகடாக ரப்பர் சீட்டு ஏற்றிய சின்ன லாரி அது. இப்போது ஆள் ஏற்றப் போகிறார்கள். சயாமில் ரயில் ரோடு போட இருபது பேர். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் ரயில் காத்திருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் போன முப்பது பேரில் ஒருத்தனாவது திரும்பி வந்தானா? ஒரு கடுதாசியாவது? கொத்துக் கொத்தாகப் பேதியில் போகிறார்கள் என்ற சேதி மட்டும்தான் வந்தது. இந்தத் தடவை எழுதிய இருபது பேரில் பதினொன்றாவது பேர் பரஞ்சோதி. அழகேசனின் பெண்டாட்டி புஷ்பவள்ளிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

லாரிக்கு வந்த நோய் பெட்ரோல் பம்பில் இருந்தது. பம்பின் வயிற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சவ்வு. அது மேலும் கீழும் அசைந்தால்தான் டாங்கியிலிருந்து பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். அந்தச் சவ்வு கந்தலாகிக் கிடந்தது. புதுப் பம்புக்கு எங்கே போவது? பினாங்கிலேயே ஆணி கிடைக்காத காலம்.

"எந்தக் கையால அத ஓட வைப்பீங்க?" என்று புஷ்பவள்ளி கேட்டாள். அவள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள். ஓட வைத்தால் மச்சினன் போவான், வைக்காவிட்டால் தன் தலை போகும். இரண்டு பக்கமும் சுவர். எலிக்குக்கூட ஒரு வளை உண்டு.

வளையைக் காட்டியவர் கிராணிதான், தெரியாமலே. ரப்பர் காட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு சவ்வுக்கு அழுவானா மனுஷன் என்று ஏசி, ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டிலிருந்து மெல்லிய சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சண்டை வந்ததிலிருந்து தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ரப்பர்தான். செருப்பு ரப்பர், வாளியின் ஓட்டைக்கு ரப்பர், கதவுக் கீலுக்கு ரப்பர். கிராணிக்கு ரப்பரின் எடை தெரியும், விலை தெரியும். குணம் தெரியாது.

அழகேசனுக்குத் தெரியும். டியூப் ஒட்டுவதற்குப் பசை வேண்டுமென்றால் ரப்பர்த் துண்டைப் பெட்ரோலில் போட்டு வைப்பான். ஊறும், உப்பும், கடைசியில் கொழகொழத்துப் போகும். அதனால்தான் முந்தின நாள் வண்டி படுத்ததுமே, துரை விட்டுவிட்டு ஓடிய பூட்ஸின் தோல் நாக்கை வெட்டி ஆமணக்கெண்ணெயில் ஊறப்போட்டிருந்தான். அது தாங்கும். ரப்பர் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் கவிழ்த்துவிடும்.

கொட்டாங்கச்சியில் பெட்ரோல் ஊற்றி ரப்பர்த் துண்டைப் போட்டுப் பார்த்தான். வீட்டுக்குள் அடுப்பில் கஞ்சி கொதித்து இறங்குவதற்குள் அது உப்பிவிட்டது. கணக்குப் போட்டான். ஏழு மைல் தாங்கும். அந்த ஏழாம் கட்டையில் இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. அங்கே வண்டி படுத்தால் இருபது பேரை இரண்டு சிப்பாய் எப்படிப் பிடிப்பது?

ரப்பரை வட்டமாக வெட்டிக் கொடுத்தது புஷ்பவள்ளி. எதற்கென்று அவன் காதோடு சொன்னதுமே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். அழகேசன் பம்பைப் பூட்டி, ஹேண்டிலைச் சுற்றப் பரஞ்சோதியைக் கூப்பிட்டு, குனிந்தவாக்கில் அவன் காதில் சொன்னான்: "வண்டி நிக்கும். நின்னதும் திரும்பிப் பாக்காம ஓடு. இருட்டினதும் வேலிப் பக்கம் வா. அக்கா கெழங்கு வெச்சிருக்கும்."

தோல் சவ்வை எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. இடுப்பில் முடிந்துகொண்டான். சிப்பாய் மூர்க்கமானால் வண்டியை ஓட்டிக் காட்டித் தப்பிக்கலாம் என்று ஒரு நப்பாசை. உயிர் ஆசை யாரை விட்டது?

எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தத்தைக் கேட்டுத் திரும்பி வந்த ஜப்பான்காரன் பல்லைக் காட்டினான். அங்கேதான் வினை. எஞ்சினை அணைக்க விடாமல், ஆளைப் பேர் பேராகக் கூப்பிட்டு, மறுபடி எண்ணி, மறுபடி எண்ணி அரை மணி நேரத்தைத் தின்றான். அணைத்துவிட்டு எண்ணலாமே, பெட்ரோல் வீண் என்று கிராணி மூலம் சொல்லிப் பார்த்தான் அழகேசன். கிராணிக்கு ஒரு அறை விழுந்ததுதான் மிச்சம். உள்ளே ரப்பர் ஊறிக்கொண்டிருந்தது. ஐயோ, இங்கேயே படுத்துவிடாதே தாயே என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான்.

வண்டி நாலாம் கட்டையிலேயே விக்கி விக்கி நின்றது. காடு இல்லை. மரம் வெட்டிப் போட்ட வெட்டவெளி, முழங்காலளவு லாலாங் புல். இருந்தாலும் பின்னால் இருந்தவர்கள் குதித்து நாலா பக்கமும் ஓடினார்கள். பின்னாலிருந்த சிப்பாய் சுட்டான். பாதிப் பேர் குண்டுக்குப் பயந்து வண்டியோரமே படுத்துவிட்டார்கள். முன்னாலிருந்தவன் அழகேசனை இழுத்துப் பானெட்டில் சாய்த்து, துப்பாக்கி முனைப் பயனெட்டைத் தொண்டைக்குழியில் வைத்து, "லெகாஸ்!" என்று மலாயில் அவசரப்படுத்தினான்.

பரஞ்சோதி நன்றாக ஓடினான். இருபது முப்பது அடி போயிருப்பான். அப்புறம் சொன்ன பேச்சை மீறித் திரும்பிப் பார்த்தான், பாவி.

திரும்பி நடந்து வந்தான். கையைத் தூக்கிக்கொண்டு வந்து பம்புப் பக்கம் நின்றான்.

"ஓடுடா" என்றான் அழகேசன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் ஓடினா ஒன்னக் குத்திப்புடுவான் மச்சான். அக்காவுக்கு வேற யாரு இருக்கா?"

இப்போது துப்பாக்கி இரண்டு பேர் மேலும் இருந்தது. சவ்வு இல்லை என்று கையை விரித்தால் இரண்டு பிணம். அழகேசன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். கொழகொழத்த ரப்பரைச் சுரண்டி எறிந்துவிட்டு, துரையின் தோலை வைத்தான். பரஞ்சோதி பம்பை ஆடாமல் பிடித்துக்கொண்டான், அழகேசன் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். ஹேண்டிலையும் பரஞ்சோதிதான் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அதுவாவது கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம்.

ஓடிய ஒன்பது பேருக்குப் பதிலாக ஸ்டேஷன் வாசலில் நின்றவர்களில் ஒன்பது பேரைப் பிடித்து ஏற்றினார்கள். பரஞ்சோதியும் ரயில் ஏறினான். கணக்கு சரியாகிவிட்டது. வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் அழகேசனுக்கு உதையோடு போயிற்று.

சாயங்காலம் புஷ்பவள்ளி வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டி நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். தன் பங்கு மரவள்ளிக் கிழங்கில் இரண்டைச் சேம்பிலையில் சுற்றி, வேலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். அவள் பின்னாலேயே வேலி வரைக்கும் போனவன், திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.

விடிவதற்குள் அழகேசன் எழுந்து போய், வேலியோரம் குந்தி, அந்தக் கிழங்கைத் தின்றான். காலையில் வெறும் இலையைக் கண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தான். மறுநாளும் அவள் இரண்டு கிழங்கு வைத்தாள். மறுநாளும் அவன் தின்றான்.