வண்டிவீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள்

1

ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காகப் போன இடத்தில் கிடைத்த கதை இது. இந்த ஏப்ரலில் ஒரு காலை, பக்கத்து வீட்டு லவான் டார்ச் லைட்டும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"கோடி, நாளைக்கு ஒரு பகல் எனக்குக் குடுப்பியா? நான் வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கும்போது ஓர்ஃபா பக்கத்துல யாராவது நிக்கணும். போன தடவை அவ நடந்து ரோட்டுக்கே போயிட்டா."

(என் பெயர் கோதை. இண்டியானாவுக்கு வந்த நாளிலிருந்து கோடிதான். சொந்த ஊரில் சொன்னால் பணக்காரி ஆகிவிட்டேன் என்று நினைப்பார்கள்.)

அவர் வாங்கத் தேடிக்கொண்டிருந்தது மோட்டார் ஹோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே வைத்த, பஸ் அளவு வண்டி. நான் வண்டிவீடு என்று எழுதப்போகிறேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அதைச் செய்கிறவர்கள், மீதிப் பேர் விற்கிறவர்கள். கம்பெனிகளின் நிஜப் பெயரைப் போட்டால் நாளைக்கு நான் தெருவில் நடமாட முடியாது. ஆகவே ஒன்றுக்கு மேய்ப்பன், இன்னொன்றுக்கு வானம்பாடி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

[தொடக்கம் ஒன்று, அடித்தது: "ஓர்ஃபாவுக்கு மறதி நோய் வந்து..."]

நோயை முதல் வரியில் வைத்துவிட்டால், பிறகு அவர் என்ன பேசினாலும் நீங்கள் அதை நோய் என்றே வாசிப்பீர்கள். லவானின் மனைவி ஓர்ஃபா ஸ்கூல் பஸ் ஓட்டியவர். எங்கள் தெருவில் இப்போது தாடி வைத்திருக்கும் ஆண்கள் பலரை "உட்காருடா" என்று அதட்டியவர். முதலில் அவரை அப்படித் தெரிந்துகொள்ளுங்கள்.

[தொடக்கம் இரண்டு: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு"]

இதை முடிக்கவில்லை. அன்றைக்கு மழையே இல்லை.

2

லவான் மருந்துக்கடை நடத்தியவர். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தை வாசிக்காமல் எதையும் யாரிடமும் நீட்டமாட்டார். அப்படிப்பட்டவர் எதற்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகப் போக ஆசைப்பட்டார்?

மகள் ஆரிகனில், மகன் ஜார்ஜியாவில். நாட்டின் இரண்டு ஓரங்கள். போன கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்குப் போனபோது, ஓர்ஃபா ஒரு கப்புக்காக சமையலறையின் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். கிடைக்கவில்லை. "என் சமையலறைய யாரோ மாத்தி வெச்சுட்டாங்க" என்று தரையில் உட்கார்ந்து அழுதாராம். பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

"டாக்டர் பழக்கமான இடத்துலயே வெச்சுக்கச் சொல்றார்," என்றார் லவான். "ஆனா அவளுக்குப் பசங்களப் பாக்கணும். அப்ப வீட்டையே கூட்டிட்டுப் போயிட வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளிய ஊரு மாறட்டும். உள்ள கப்பு மாறக்கூடாது."

அதிலிருந்து எந்த பிராண்டு நல்ல பிராண்டு என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க அதைத்தான் படித்தார். மறுநாள் வண்டி விற்கும் கடைக்குப் போகும் வழியில் எனக்கும் பாடம் நடந்தது. ஓர்ஃபா முன்சீட்டில் உட்கார்ந்து, எதிரே வருகிற மஞ்சள் பஸ்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு வந்தார்.

"முன்னாடி பளபளன்னு ஒட்டியிருக்கிற பேரைப் பாத்து ஏமாறாத. இஞ்சினும் சக்கரமும் கார் கம்பெனிக்காரன் பண்றது. ஃப்ரிட்ஜு, அடுப்பு எல்லா வண்டியிலயும் ஒரே ஆளுதான். பேரு போட்டவன் பண்றது அந்தப் பெட்டிய மட்டும்தான். சுவரு, கூரை, அலமாரி. அதை எப்படிச் சேர்த்திருக்கான்? அதுதான் பிராண்டு."

"புதுசா இருக்கும்போது எல்லாம் நல்லாத்தானே இருக்கும்?"

"அதனாலதான் புதுசப் பாக்கறதே இல்ல. பழசப் பாக்கணும். போன மாசம் கூடாரம் போடற மைதானத்துக்குப் போயி, வயசான மேய்ப்பன் வண்டி எங்க நின்னாலும் கதவத் தட்டினேன். 'ஐயா, ஒரு தடவை கதவச் சாத்திப் பாத்துக்கட்டுமா'ன்னு கேட்டேன். ஒருத்தர் முட்டை பொரிச்சுக் குடுத்தார். இன்னொருத்தர் நாயை அவுத்து விட்டார். ஆனா கதவு ரெண்டுலயும் கச்சிதமா சாத்திக்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஓடும்போது அவ கதவத் திறந்துட்டா? வளைவுல கத்தி வெச்ச டிராயர் தானா வெளிய வந்தா? கூரை ஒழுகி ஒரு மாசம் ரிப்பேருக்கு விட்டா, மத்தவங்களுக்கு அது செலவு. அவளுக்கு அந்த ஒரு மாசம் வீடே இல்ல, கோடி."

3

கடையில் எங்களோடு வந்தவர் கெண்டல் என்ற விற்பனையாளர். நல்ல பையன் என்று எழுதவே வருகிறது. ஆனால் அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

முதலில் வானம்பாடி. நான்கு வருஷம் ஓடியது. மஞ்சள் திரைகள், வெளிர் மரம், சின்னச் சின்ன ஜன்னல்கள். ஓர்ஃபா என் கையை விட்டுவிட்டு ஏறினார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோட்டைக் கொக்கியில் மாட்டினார். அலமாரியைத் திறந்தார். காட்சிக்கு வைத்திருந்த கப்புகள் நேர் எதிரே இருந்தன.

"நிக்கறீங்களே, உட்காருங்க. காபி போடறேன்," என்றார் என்னிடமும் கெண்டலிடமும். உட்கார்ந்தோம்.

லவான் வெளியே முகத்தைச் சுவரோடு ஒட்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, குளியலறைப் பக்கம் தரையைக் காலால் அழுத்தினார். நனைந்த ரொட்டிபோல் அமுங்கியது. ஒரு டிராயரை உருவித் திருப்பினார். திருகாணி ஒன்றுகூட இல்லை. காகிதத்துக்கு அடிப்பதுபோல் பின் அடித்துச் சேர்த்திருந்தார்கள்.

ஓர்ஃபா நிமிர்ந்து பார்த்தார். "பைப்பு ரிப்பேருக்கு வந்தவரா? ஷூவைக் கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் தரை துடைச்சேன்."

"மன்னிச்சுக்கங்க," என்று லவான் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

கெண்டல் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "சார், பிடிக்கலையா?"

"சுவரு ஊதியிருக்கு. உள்ள தண்ணி போயிருக்கு. நாலு வயசு வண்டிக்கு இது வரக்கூடாது."

"எங்கம்மாவுக்குன்னா நான் இதை வாங்கமாட்டேன் சார்." கெண்டல் ஓர்ஃபாவைப் பார்த்தார். இல்லாத காபித்தூளை இல்லாத டப்பாவிலிருந்து ஸ்பூனால் எடுத்துக்கொண்டிருந்தார் அவர். "ஆனா... அவங்க வீட்டுக்கு வந்துட்டாங்களே."

[இங்கே கதையை முடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஒழுகும் வண்டியை லவான் வாங்கிக்கொள்கிறார். மனைவியின் சந்தோஷம்தான் பெரிய பிராண்டு என்று ஒரு கடைசி வரி. எழுதியும் பார்த்தேன். படிக்க இனிப்பாக இருந்தது. ஆனால் அடுத்த மழையில் அந்த வண்டிக்குள் இருக்கப்போவது நானல்ல, ஓர்ஃபா.]

அவரை அங்கிருந்து கிளப்புவது லேசாக இல்லை. கடைசியில் லவான் சொன்னார்: "ஓர்ஃபா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஓர்ஃபா உடனே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

4

மேய்ப்பன் அதே வரிசையின் கடைசியில் நின்றது. அழகில்லாத, பழுப்பு நிற வண்டி. லவான் அதன் அடியில் படுத்தார், கூரையில் ஏறினார், டிராயர்களில் தொங்கிப் பார்த்தார். கதவுப் பூட்டைத் திறந்து திறந்து சாத்தினார். கீழே இறங்கியபோது, பரீட்சையில் மகள் பாஸானதுபோல் முகம்.

"வா கண்ணு, ஏறு."

ஓர்ஃபா முதல் படியில் கால் வைத்தார். சட்டென்று பின்வாங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள ஆளு இருக்கு."

"யாரும் இல்ல மேடம்," என்றார் கெண்டல்.

"ஏன் பொய் சொல்ற? வயசான அம்மா ஒருத்தங்க. என்னையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. குடியிருக்கறவங்கள விரட்டிட்டா வண்டி விக்கிற?"

படிக்கு நேர் எதிரே துணி அலமாரி. அதன் கதவு முழுக்க நிலைக்கண்ணாடி. எனக்கு அது தெரிந்த நொடியில் லவானுக்கும் தெரிந்துவிட்டது.

அவர் உள்ளே போனார். கட்டிலில் விரித்திருந்த போர்வையை உருவி, கண்ணாடியின் மேல் விளிம்பில் செருகித் தொங்கவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதன் சுருக்கங்களை நீவிவிட்டார். பிறகு வெளியே வந்தார்.

"அவங்க கிளம்பிட்டாங்க, ஓர்ஃபா."

"எங்க?"

"மக வீட்டுக்கு. ஆரிகனுக்கு."

"இந்தப் பக்கம் இறங்கவே இல்லையே?"

"பின் கதவு வழியாப் போயிட்டாங்க மேடம்," என்றார் கெண்டல்.*

"அவ்வளவு தூரம் தனியாவா?"

"இல்ல," என்றார் லவான். "புருஷன் கூடப் போறார்."

ஓர்ஃபா யோசித்தார். "அவரு நல்லா பாத்துக்குவாரா?"

"தன்னால முடிஞ்சதச் செய்யறார்."

"அப்ப சரி," என்று ஓர்ஃபா படியேறினார்.

* அந்த வண்டிக்குப் பின் கதவு கிடையாது.

(இந்த இடத்தில் லவான் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. யாரோ எழுதிக்கொடுத்ததுபோல் பேசுகிறார். உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவர் பேசியது இவ்வளவுதான். நான் எழுதாமல் விட்டது அவர் முகத்தை மட்டும். அதை அவர் எங்களுக்குக் காட்டவில்லை.)

5

ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர்ஃபா நேராக டிரைவர் சீட்டுக்குப் போய்ப் பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சாவியோடு நின்ற லவான், அதுவரை காரைவிடப் பெரிய எதையும் ஓட்டியதில்லை.

கெண்டல்தான் வழி கண்டுபிடித்தார். "மேடம், இவர் வேலைக்குப் புதுசு. நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுத்தாத்தான் ஆகும்."

ஓர்ஃபா புது ஆளை ஏற இறங்கப் பார்த்தார். இடம் மாறி உட்கார்ந்தார்.

நானும் கெண்டலும் பின்னால் சாப்பாட்டு மேஜையில். வண்டி ஊரைத் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவே போனது. லவானின் கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தது. ரயில்வே கிராஸிங் வந்தது. கேட் திறந்திருந்தது, விளக்கு எரியவில்லை.

"நிறுத்தணும்," என்றார் ஓர்ஃபா.

"ரயில் வரல..."

"வரலைன்னு நின்னு பாத்தாத்தான் தெரியும். கதவு திறக்கணும். ரேடியோ அணைக்கணும். கேக்கணும்." பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பசங்களா, சத்தம் கூடாது."

நானும் கெண்டலும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கெண்டல் கையையும் கட்டிக்கொண்டார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஓர்ஃபா அதைச் சட்டை செய்யவில்லை. தலையைச் சாய்த்து, இரண்டு பக்கமும் கேட்டார். அவர் முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. ஊரில் பாதிப் பேர் எந்த முகத்தை நம்பிப் பிள்ளைகளை அனுப்பினார்களோ, அந்த முகம்.

"போகலாம்."

தண்டவாளத்தின் மேல் வண்டி ஏறி இறங்கியது. ஒரு டிராயர்கூடத் திறக்கவில்லை. ஒரு கதவுகூட ஆடவில்லை.

வயல் முடியும் இடத்தில் ஓர்ஃபா கையை நீட்டி, வண்டிக்கு அடியில் படுத்தபோது லவானின் தோளில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லை எடுத்துப் போட்டார். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு சின்ன வாக்கியம் சொன்னார்.

லவான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "தேங்க்ஸ்," என்றார்.

6

வாங்கினார்களா என்று கேட்பீர்கள். வாங்கினார்கள். இதை எழுதும்போது மேய்ப்பன் என் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது. நிலைக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கே பேரப்பிள்ளைகளின் படங்களை ஒட்டியிருக்கிறார் லவான். பள்ளி விடுமுறை விட்டதும் ஆரிகனுக்குக் கிளம்புகிறார்கள். ஓர்ஃபாவின் கப்புகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தச் சின்ன வாக்கியத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

அவர்கள் மொழியில் நீ, நீங்கள் இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். ஓர்ஃபா சொன்னதில், அவர் யாரிடம் சொன்னார் என்பது இல்லை. லவான் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வழி இல்லை. வினைச்சொல் முடிவதற்குள் தமிழ் என்னைக் கேட்டுவிடுகிறது, பக்கத்து சீட்டில் இருந்தது கணவரா, வேலைக்குப் புதிதாக வந்தவரா என்று. கிராஸிங்கில் 'நிறுத்தணும்', 'கேக்கணும்' என்று எழுதி எப்படியோ நழுவிவிட்டேன். இங்கே நழுவ முடியவில்லை.

லவானிடமே கேட்டேன். "அவங்க உங்கள யாருன்னு நினைச்சு அதச் சொன்னாங்க?"

"நான் கேக்கலயே, கோடி," என்றார்.

அதனால் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

"நல்லா ஓட்டுற," என்றார் ஓர்ஃபா.

"நல்லா ஓட்டுறீங்க," என்றார் ஓர்ஃபா.

ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் அடியுங்கள்.