நாற்பதில் பத்தொன்பது

"நாப்பதுல பத்தொம்பதுதான் ஒத்துப்போகுது சார்," என்றாள் கணினிப் பெண், திரையை என் பக்கம் திருப்பாமலே. அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்றது.

போன மாதம் எங்கள் தொழிற்சாலையில் நான் தரம் பிரித்த அதே நாற்பது தோல்கள். அவற்றைத் தனி அறையில் பரப்பி வைத்து, மறுபடி என்னையே பிரிக்கச் சொன்னார்கள். என்னோடு நானே ஒத்துப்போகவில்லை. எதைப் பார்த்து இது முதல் தரம், எதைப் பார்த்து இது மூன்றாம் தரம் என்று மூன்று வாரம் என்னைத் துருவித் துருவிக் கேட்டு, இருநூற்றுப் பதினான்கு விதிகளை அவள் கணினியில் ஏற்றியிருந்தாள். இனி அதுவே தரம் பிரிக்குமாம். நானும் வாய்க்கு வந்தபடி அளந்திருக்கிறேன். ஓட்டையின் அளவு, நரம்பின் தடம், வயிற்றுப் பக்கத் தொய்வு. ஒரு கட்டத்தில் எனக்கே நான் பெரிய ஆள் என்று தோன்றிவிட்டது.

"வழக்கமா வேற எதையாவது பாப்பீங்களா சார்? கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க."

ஞாபகப்படுத்த என்ன இருக்கிறது. எனக்காகத் தோலை மேசையில் விரித்துப் போடும் தொழிலாளி அக்காவின் கையைப் பார்ப்பேன். நீவிக்கொண்டே போகிற கை, குறை இருக்கும் இடத்தில் ஒரு நொடி நிற்கும். நான் அங்கே குனிந்து பார்த்துவிட்டுத் தரத்தைச் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக என் நிபுணத்துவம் இவ்வளவுதான்.

முதல் வாரமே கணினிப் பெண் கேட்டாள், இயந்திரம் வந்தால் யார் யார் தேவைப்படமாட்டார்கள் என்று. "விரிக்கிறவங்களா? சும்மா விரிச்சுப் போடுவாங்க, அவ்வளவுதான்," என்றேன். அக்கா அப்போது பக்கத்தில்தான் விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை அவருக்கு வேலையில் கடைசி நாள்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அக்காவ ஒரு தடவ வரச் சொல்லும்மா. அவங்க விரிச்சுத்தான் எனக்குப் பழக்கம்," என்றுதான் வந்தது. மீதியை விழுங்கிவிட்டேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா வந்தார். ஒரு தோலை எடுத்து உதறி மேசையில் போட்டார். நீவவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சும்மா விரிச்சுப் போட்டாச்சு சார். நீங்க பாத்துச் சொல்லுங்க."

கணினிப் பெண் விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள். நான் குனிந்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தோல் வெறும் பழுப்பாகக் கிடந்தது.