ஆறாம் எண் ஜெர்சி

யூஜின் ரெய்லி முழங்காலில் பட்டையைச் சுற்றி முடித்து, பூட்ஸ் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, பட்ஸி ஜெர்சிப் பையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தான். கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் எங்கள் ஐரிஷ் கால்பந்தில் மாவட்ட இறுதியாட்டம். எங்கள் ஊர் டிரம்கொரா அதைக் கண்ணால் கண்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

"மச்சான், இன்னிக்கு ஜெர்சிய நீ எடுத்துக் குடு."

பெரிய ஆட்டத்தன்று ஜெர்சி கொடுக்க, ஆடி ஓய்ந்த யாராவது ஒருவரைத்தான் அழைப்போம். கோட்டு போட்டு வருவார், கண் கலங்குவார், போய்விடுவார். பூட்ஸோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் கேட்டதில்லை. பட்ஸி எங்கள் பயிற்சியாளன், யூஜின் மனைவிக்கு அண்ணன். நேற்றே அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நீ ஆடவில்லை என்று வாயால் சொல்ல அவனுக்குத் துப்பில்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டான்.

யூஜினுக்கு உறைக்கவில்லை. அணியில் மூத்தவன், அதனால் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டான். வருஷக்கணக்காக ஆறாம் எண் அவனுடையது. விடிவதற்குள் பால் லாரியை எடுத்து, சாயங்காலம் மழையில் பயிற்சிக்கு வந்து நிற்பான். ஆஸ்திரேலியாவில் தனக்கு வேலை தேடி வைத்த தன் அண்ணனிடம், ஊர் ஒரு கோப்பையைத் தூக்கட்டும், பிறகு வருகிறேன் என்று சொன்னவன். இந்த ஆட்டத்துக்காக முழங்காலில் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டான்.

பட்ஸி எண்ணையும் பெயரையும் சொல்ல, அவன் எடுத்துக் கொடுத்தான். முதலாவது கோல் காக்கும் எனக்கு. "ஒண்ணும் உள்ள விட்டுடாதடா கிழவா" என்று சிரித்தான். ஐந்துவரை சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான். ஆறை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆறு, ஓஷீன்" என்றான் பட்ஸி, சுவரைப் பார்த்து.

ஓஷீனுக்கு இருபது வயது, குதிரை மாதிரி ஓடுவான். எழுந்து வந்து, கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். யூஜின் தோளிலிருந்து ஜெர்சியை எடுத்து உதறிக் கொடுத்தான்.

"கழுத்து இறுக்கும்டா. போட்டதும் ஒருதரம் இழுத்து விட்டுக்க."

மீதி அத்தனையும் கொடுத்தான். பையின் அடியில் அவனுக்கு மிஞ்சியது தண்ணீர் கொடுப்பவனின் மஞ்சள் மேற்சட்டை. பட்ஸியை அறைய வேண்டும்போல் எனக்குக் கை துறுதுறுத்தது. ஓஷீனைப் போட்டால்தான் ஜெயிப்போம் என்பதும் எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் கொடுமை.

மழை வலுத்துவிட்டது. மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் யார் முகமும் தெரியவில்லை, எண்தான் தெரிந்தது. யூஜின் பாட்டில்களோடு என் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். ஓஷீன் எழும்பி முதல் பந்தைப் பிடித்ததும், எனக்குப் பின்னால் இருந்த வேலியில் ஒரு சின்னக் குரல் கத்தியது.

"எங்கப்பா! ஆறு, எங்கப்பா!"

நீவ், யூஜினின் மகள். தாயின் தோளில் உட்கார்ந்திருந்தாள். தாய் அவள் காலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யூஜின் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, அவள் கண்ணில் படாதபடி கம்பத்தோரம் குனிந்தான். பந்து ஆறாம் எண்ணிடம் போனபோதெல்லாம் அவள் கத்தினாள். அன்றைக்கு ஓஷீன் பிரமாதமாக ஆடினான்.