தேதிக் கட்டு மறைத்த கை

"நம்ம வீட்டுக் கடிகாரமே ஓடல, இங்க வந்து ஊரார் கடிகாரத்தைப் பாக்கணுமா?"

"நம்மளது ஓடலைங்கறதுக்காக..."

"இரு, நான் முடிச்சுக்கறேன்."

"நீ எந்தக் காலத்துல முடிச்சே? கேளு. கடிகார அருங்காட்சியகத்துல ஒவ்வொரு அறையிலயும் மெத்தை வச்ச பெஞ்சு போட்டிருக்காங்களாம். காலையில நாணயக் காட்சியில காவலுக்கு இருந்த பொண்ணே சொன்னா. ஓவியக் கூடத்துல சாஞ்சுக்க ஒரு தூண்கூடக் கிடையாதாம்."

"பாத்தியா, வாயாலயே மாட்டிக்கிட்டே! நாணயக் காட்சியில ஒரு காசையாவது பாத்தியா நீ? அந்தப் பொண்ணுக்கு மூட்டு வலியா, குதிகால் வலியா, அவளுக்கு யார் மாத்தி விடறாங்க... இதுதானே பேசினே!" என்றாள் தங்கை.

நாலு தெரு கூடும் இடத்தில், தபால் பெட்டியின் தலைமேல் நகர வரைபடத்தை விரித்து வைத்து, ஆளுக்கு ஒரு மூலையை அழுத்திப் பிடித்திருந்தார்கள் அக்காவும் தங்கையும். கையை எடுத்தால் காற்று கொண்டுபோய்விடும். அதனால் சண்டையை வாயால் மட்டுமே போட முடிந்தது.

அக்கா தங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சுவரோரம் நாற்காலி, அதில் அவள், கண்கள் கூட்டத்தின் கைகள்மேல். வேலை போனாலும் கண் போகவில்லை. காலையில் நாணயக் காட்சியில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிய ஒரு கனவானைப் பார்த்து, "சார், மூக்கு" என்றாள். அவர் பயந்துபோய் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தங்கை பள்ளிக்கூடச் சமையல்காரி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி சமைப்பவள். இந்த ஊருக்கு வந்ததே அவளுக்காகத்தான். அவள் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. படத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். வலது கையைப் பின்னால் மறைத்திருக்கிறாள். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சரியாக அந்தக் கையிலிருந்து கீழே முழுக்க மறைத்துத் தேதிக் கட்டை ஒட்டியிருந்தான் அச்சகத்துக்காரன். வருஷம் முடியும்வரை பொறுக்காமல் ஒருநாள் தங்கை கட்டைப் பிய்த்தாள். கையும் கீழ்ப்பாதியும் சேர்ந்து கிழிந்து வந்துவிட்டது. மிச்சம் பசையும் அட்டையும்.

"கரண்டி" என்றார் அவள் கணவர். "கடுதாசி" என்றாள் அவள். இத்தனை வருஷமாகக் குழம்பில் உப்புக் குறைந்தாலும் கூடினாலும் பேச்சு கடைசியில் அந்தக் கையில் வந்துதான் நிற்கும். அசல் ஓவியம் இந்த ஊர்க் கூடத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஊருக்கு ரயில். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடத்துக்கான நேரம்.

"போன்ல தட்டினா வந்துடும். உன் மகளே காட்டறேன்னாளே?"

"கண்ணை மூடிக்கிட்டேன். போன்ல பாக்கவா இத்தனை வருஷம் பொறுத்தேன்?"

"அவ கையில என்ன இருந்தா உனக்கென்னடி? கரண்டியா இருந்தா வாங்கிக் கிண்டப் போறியா?"

"சரி, மெழுகு பொம்மைக் கூடம் போலாமா? உனக்குப் பிடிக்கும்."

"அசையாம நிக்கறதைப் போய்ப் பாக்கணுமா? அதைத்தான் நான் வேலையாவே செஞ்சேன்."

"ஆமா, இன்னும் அந்த வேஷத்தைக் கழட்டலையே. நல்ல சட்டையே இல்லையா உனக்கு? இந்தச் சாம்பல் கம்பளிக்குப் பித்தளைப் பொத்தான் வேற. பாத்தா யூனிஃபார்ம் மாதிரியே இருக்கு."

"உறுதியான துணிடி. வேலையைப் பத்திப் பேசாதே. ஒருநாள், ஒரே ஒருநாள் நான் லேட்டாப் போனேன்னு எவனாவது சொல்லட்டும், காதை அறுத்துக்கறேன். மழையில போனேன், காய்ச்சல்ல போனேன். உன் கல்யாணத்தன்னிக்குக்கூட..."

"தாலி ஏறினதும் கிளம்பிட்டே. சாப்பாட்டுக்குக்கூட இல்ல. தெரியும். ஊருக்கே தெரியும்."

அந்தப் பேச்சு வந்தால் அக்கா எப்போதும் இறங்கி வந்துவிடுவாள். வரைபடத்தை மடித்து, "நட. கால் வலிச்சா நீதான் தூக்கணும்" என்றாள்.

ஓவியக் கூடத்தில் படி அதிகம். ஏறும்போதெல்லாம் அக்கா ஏதோ முனகினாள், தங்கை காதில் வாங்கவில்லை. மாடியில் கடைசி அறை. வாசலில் குறுக்கே சிவப்புக் கயிறு. 'இன்று திறக்கப்படாது' என்று ஒரு அட்டை.

பக்கத்து அறைக் காவலாளி வந்து கையை விரித்தார். "காவலாளி லீவும்மா. ஆள் இல்லாம அறையைத் திறக்கக் கூடாது. காலையிலயே பதில் ஆள் அனுப்பறேன்னாங்க. இன்னும் காணோம்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

தங்கை கயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு அருகே காலி நாற்காலி தெரிந்தது. ஓவியம் திருப்பத்துக்கு அந்தப் பக்கம். சட்டத்தின் ஒரு ஓரம், விரல் அகலத்துக்குப் பொன்னிறம், அவ்வளவுதான். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"கத்தேன்டி" என்றாள் அக்கா. "எல்லாம் உன்னாலதான்னு கத்து. சும்மா நிக்காதே, எனக்குப் பயமா இருக்கு."



அதற்குள் ஒரு இளைஞன் வந்து, உள்ளே பார்க்கும் ஆவலில் கயிற்றின்மேல் இடுப்பைச் சாய்த்தான். கயிறு கட்டிய பித்தளைக் கம்பம் ஆடியது. அக்காவின் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன.

"தம்பி. கயிறு சாய்ஞ்சுக்கறதுக்கு இல்ல."

குரலை உயர்த்தவே இல்லை. அவன் துள்ளி விலகினான். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாவிக்கொத்துமாக அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளரும் நின்றுவிட்டார். சாம்பல் சட்டையைப் பார்த்தார், பித்தளைப் பொத்தானைப் பார்த்தார்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! பதில் ஆள்தானே? ஏம்மா, இதுவா வர்ற நேரம்? இவ்வளவு லேட்டாவா வருவாங்க?"

"லேட்டா? நானா?" அக்காவின் முகம் சிவந்தது. "ஐயா, என் சர்வீஸ்ல ஒரு நாள்கூட நான்..."

தங்கை அவளைக் கிள்ளவில்லை, கண் காட்டவும் இல்லை. சுவரோரத்திலிருந்து தலையை மட்டும் நிமிர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் சோறு தீரப்போகிறதோ என்று தட்டோடு நிற்கும் பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

அக்கா எச்சிலோடு தன் சர்வீஸ் பெருமையையும் சேர்த்து விழுங்கினாள்.

"மன்னிச்சுக்கங்க, சார். லேட்டாயிடுச்சு."

"இனிமே இப்படி வராதீங்க."

"வரமாட்டேன், சார்."

"உங்க வயசுல பொறுப்பு இருக்க வேணாமா?"

"இருக்கணும், சார்."

கயிறு விலகியது. அக்கா நேராகப் போய் நாற்காலியை ஓவியத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். முழங்கால் சேர்ந்து, முதுகு நிமிர்ந்து, கண்கள் வருகிறவர்களின் கைகள்மேல். மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று அவளைக் கவனித்தார். தங்கை முன்பின் தெரியாதவள் போல அவளைக் கடந்து போனாள்.

"பையை முன்பக்கமா மாட்டிக்கங்கம்மா" என்றாள் அக்கா.

"சரிங்க" என்றாள் தங்கை.

ஓவியம் அவள் நினைத்ததைவிடப் பெரியது. ஜன்னல், வெளிச்சம், அதே முதுகு. தங்கை கண்ணை மெல்லக் கீழே இறக்கினாள், சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல. தோள். முழங்கை. மணிக்கட்டு.

செருப்பு.

கரண்டியும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஒற்றைச் செருப்பு. ஒரு கால் வெறுங்கால். கீழே தெருவில் போகிற யாருக்கோ குறி பார்த்துக்கொண்டிருக்கிறாள் மகராசி. இத்தனை வருஷமாக இவளைப் பார்த்தா 'பாவம், எவனுக்கோ காத்திருக்கிறாள்' என்று பெருமூச்சு விட்டோம்!

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. மற்றவர்களும் வந்து பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கயிற்றில் சாய்ந்த இளைஞன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அமைதி, அமைதி. சுவர்ல கை வைக்காதீங்க தம்பி" என்றாள் அக்கா, வாசலைப் பார்த்தபடியே.

சிரிப்பு நிற்கவில்லை. மேற்பார்வையாளரும் நகரவில்லை. அக்காவின் கழுத்து கொஞ்சம் திரும்பியது, தன்னைத் தானே அதட்டிக்கொண்டது போல மறுபடி நேரானது. காதோரம் சிவந்தது. கடைசியில், உதடு அசையாமல், பின்பக்கம் நிற்கும் தங்கைக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"கையில என்னதான்டி வச்சிருக்கா? சொல்லித் தொலையேன்!"